திரையில்லாத டிவி

எனக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டரில்தான் சீரியல் பார்ப்பேன். அதில் வரும் எழுத்துகளை ஒரு குரல் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுத் தேடிப் போட்டுக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பாத்திமா அக்காவோடு பழக ஆசை. ஆனால் கூச்சம். ஒருநாள் அவருடைய டிவி பழுதாகிவிட்டது என்றதும், "எங்க ஊட்டுல வந்து பாருங்கக்கா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டிக் கொடுக்கக் கம்பெனியில் வாங்கிவந்த பனியன் மூட்டையோடு வந்தார். சீரியலைப் போட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, படத்தைக் காணமுங்களே?"

அப்போதுதான் உறைத்தது. எனக்கு எதற்கு என்று நான் மானிட்டரே வாங்கவில்லை! எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அவரோ சிரித்து ஓய்ந்து, கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதை முடிந்தபோது மூட்டையும் முடிந்திருந்தது.

"டிவியைப் பாத்துட்டே போன வாரம் ஒரு பனியனையே வெட்டிப்போட்டனுங்க. இங்க கண்ணு வேலைல, காது கதைல. நாளைக்கும் வரட்டுங்களா?"

அவர் டிவி எப்போதோ சரியாகிவிட்டது. இன்றும் மூட்டையோடு இங்கேதான் வருகிறார். கதையில் யாரும் பேசாமல் வெறும் இசை ஓடினால், மருமகள் அழுகிறாளா முறைக்கிறாளா என்று இருவருக்கும் சண்டை வரும். கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை.