அரிசி டிரம்மில் மேண்டலின்

நான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய ஆண்டின் தவக்காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மேண்டலின் வந்தது. அத்தை, அதற்கும் முந்தைய ஆண்டு என்பாள். ஆனால் புதுநன்மைக்கு முன் வந்த கிறிஸ்துமஸில் எடுத்த படத்தில் சுவரில் வெறும் ஆணிதான் இருக்கிறது. ஆகவே நான் சொல்வதே சரி.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஆரோவில்லில் ஒரு விடுதியில் அவளுக்கு வேலை. அங்கே தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, ஊர் திரும்பும்போது மேண்டலினையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பாதியாக வெட்டிய பேரிக்காய் போலிருக்கும். எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடிக்கு ஒரே சுருதி. அந்த நான்கும் வயலினின் சுருதிகளே. ஆனால் வில் கிடையாது. விரலிடுக்கில் பிடித்த சின்ன பிளாஸ்டிக் துண்டால் மீட்ட வேண்டும். மீட்டிய ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். நீட்ட வேண்டுமென்றால் மேலும் கீழுமாக விடாமல் வேகமாக மீட்ட வேண்டும்.

ஈஸ்டர் பூசையில் வாசிக்க அத்தைக்கு ஆசை. பாடகர் குழுவை நடத்திய சார், கீபோர்டு இருக்கும்போது இது எதற்கு என்று தயங்கிவிட்டு, சனிக்கிழமை வாசித்துக் காட்டச் சொன்னார். உப்பளத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலைதான். அந்தக் காற்றில் முந்தின நாளே ஒரு கம்பி துருப்பிடித்து அறுந்தது. அத்தையிடம் மாற்றுக் கம்பி ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, கலங்கிய முகத்தோடு படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அம்மா மேண்டலினை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். உப்பளத்துப் பாத்தித் தண்ணீரில் விழுந்த அப்பாவின் செல்போன் அரிசிக்குள் கிடந்துதான் பிழைத்தது. செல்போனின் ஈரத்தை இழுத்த அரிசி மேண்டலினின் ஈரத்தை இழுக்காதா என்ன? சாயங்காலம் எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினாள். அதன் வயிற்றில் முட்டை வடிவத்தில் ஒரு துளை இருப்பதை அவள் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த நானும் யோசிக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிய அத்தை அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். அம்மாவும் குழுவில் பாடுபவள் என்பதால் நாங்களும் பின்னாலேயே போனோம். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நீண்ட சுரம் வந்து அத்தை வேகமாக மீட்டியதும், உள்ளே யாரோ முறத்தில் புடைப்பது போலக் கேட்டது. அத்தை நிறுத்திவிட்டுக் கவிழ்த்துக் குலுக்கினாள். பீடத்தின் படியில் புழுங்கல் அரிசி கொட்டியது.

"ஏம்மா, வாசிக்க வந்தியா, உலை வைக்க வந்தியா?" என்றார் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் அரிசி டிரம்மில் கை வைப்பது அவள் ஒருத்திதான். அத்தை அவளைப் பார்த்தாள்.

"நான்தாங்க சார் அரிசியில வச்சேன். துரு புடிக்குதேன்னு," என்றாள்.

அது பொய். திருத்துவதற்காக நான் வாயைத் திறந்தேன். அத்தை என் காலை மிதித்தாள்.

"அடுத்த சனிக்கிழமை காலி வயித்தோட கொண்டாம்மா, கேக்கலாம்," என்றார் சார். அப்படியே அவள் கொண்டுபோனாள். ஈஸ்டர் காலையில் வாசிக்கவும் செய்தாள்.

அரிசி கொட்டிய அன்று வீடு திரும்பியதும் அத்தை உள்ளே வாசிக்க உட்கார்ந்தாள். அம்மா பின்பக்கம் பாத்திரம் தேய்க்கப் போனாள். சனிக்கிழமை அத்தையின் முறை. யாருக்கு எந்த நாள் என்று காலண்டரில் குறித்து வைப்பது நான். அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்து, போய்ச் சொன்னேன்.

"தெரியும்டி. மெதுவா பேசு, அவ வாசிக்கிறா."

நான் உள்ளே போய், ஒரு முறை பாக்கி நிற்கிறது, நாளைக்குத் தேய்த்துவிடு என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.