பால் பொங்கின ஜெபம்

எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். என் முறை நெருங்க நெருங்க எனக்கு வியர்த்துக் கொட்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மற்றவர்களோ "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான்.

அதனால் தந்திரம் பழகினேன். என்னை முதன்முதலில் கூட்டத்துக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டு அக்கா, எப்போதும் எனக்கு முந்தின இடத்தில் உட்காருவார். அவர் முடிக்கும் நேரம் பார்த்து எனக்கு இருமல் வரும். யார் குழந்தையாவது அழுதால், அது கர்த்தர் எனக்கென்றே அனுப்பியது. தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். அழாத குழந்தையை லேசாகக் கிள்ளலாமா என்றுகூட ஒருமுறை யோசித்தேன். கர்த்தர் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று விட்டுவிட்டேன்.

உள்ளுக்குள் மட்டும் ஒரு கவலை அரித்தது. வருஷக்கணக்காகப் போய் வருகிறேன். வாய் திறந்து நாலு வார்த்தை வராதவளுக்கு விசுவாசம் எங்கே இருக்கப்போகிறது?

அப்போதுதான் அக்கா சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கெழம ஒங்க வூட்லதான் கூட்டம். வழக்கப்படி நீதான் முடிவு ஜெபம் பண்ணணும், தெரியும்ல?"

என் வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். கல்லங்குறிச்சிப் பெருமாளை விட்டு நகராதவர். என்னைத் தடுத்ததும் இல்லை, கேலியை விட்டதும் இல்லை.

"ஏங்க, எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாமா?"

"சொல்லு. ஒடனே எல்லாரும் ஒங் காய்ச்சல் போகணும்னு ஜெபிப்பாங்க. இல்லாத காய்ச்சல் எங்கடி போகும்?"

"வெளயாடாதீங்க. எனக்கு ஜெபிக்கவே வரல."

"பின்ன தெனமும் அடுப்படில யார்கிட்ட சண்ட போடுற? லாரி டயரு தேஞ்சு கெடக்கு, நீங்க பாத்துக்கங்க. கேஸு இந்த வாரம் தாங்கணும், நீங்க கவனிங்கன்னு. ஊர்க் கவல பூரா ஒங்க ஏசு தலைல கட்டிடுற. பாவம் மனுசன்."

"அது ஜெபம் இல்லீங்க. பொலம்பல்."

"என்னமோ. எங்க பெருமாள்கிட்ட நான் இவ்வளவு உரிமையா பேசினதில்ல."

வெள்ளிக்கிழமை பாய் நிறைய ஆள். கடைசியில் போதகர், "நீங்க முடிச்சு வைங்க, சிஸ்டர்" என்றார். என் வீட்டுக்காரர் வாசலில் பைக்கைத் துடைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அன்பும் இரக்கமும்..." என்றேன். மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. வாசம்தான் வந்தது. டீக்கு வைத்த பால்!

"கர்த்தாவே, பால் பொங்குது, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், ஒருத்தரும் கண்ணைத் திறக்கவில்லை. போதகர் உட்பட எல்லாருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்து கண்ணை மூடினேன். "வந்துட்டேன், ஆண்டவரே. பாதிப் பாலு போச்சு. மிச்சம் இத்தன பேருக்கும் பத்தணும், நீங்கதான் பாத்துக்கணும். இந்த அக்காவுக்கு முட்டி வலி, சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரரு லாரி டயர மாத்துற வரைக்கும் நீங்க கூடவே போங்க. அவருக்கு ஒங்களத் தெரியாட்டியும் பரவால்ல, ஒங்களுக்கு அவரத் தெரியும்ல..."

அடுப்படிக் குரல் தானாக வந்துவிட்டது. நிறுத்தத்தான் தெரியவில்லை. எனக்கு இருக்கிற கவலை கொஞ்சமா?

கடைசியில் வாசலிலிருந்துதான் சத்தம் வந்தது: "ஆமென் சொல்லுடி. பால் ஆறிடப்போவுது."