அட்டையில் வெட்டிய ‘அ’

நான்கு வருடங்களுக்கு முன், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம். திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். இன்றைக்கும் அதே வேலைதான். என் மகளுக்கு அப்போது நாலு வயது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்திருந்தோம்.

என் வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்த கூத்து புரியாது. சட்டையின் கை, கழுத்து, உடம்பு என்று ஒவ்வொன்றுக்கும் தடித்த அட்டையில் அளவு வெட்டி வைத்திருப்போம். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதைத் துணி மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே வெட்ட வேண்டும். கோடு கொஞ்சம் பிசகினாலும் கை ஏறாது, கழுத்து கோணிக்கொள்ளும். பதினெட்டு வருடம் அந்தக் கோட்டோடு வாழ்ந்தவன் நான். அதில் திமிரும் உண்டு, மறைப்பானேன்?

பள்ளிக்கூடத்தில் புள்ளி வைத்த எழுத்துப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். புள்ளி மேலேயே எழுதிப் பழக வேண்டுமாம். என் மகளின் பென்சில் புள்ளியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. மனைவி பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கம்பெனியில் மிச்சம் கிடந்த பேட்டர்ன் அட்டையைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ‘அ’ முதல் ‘ஔ’ வரை பன்னிரண்டு எழுத்தையும் பிளேடால் வெட்டினேன். வெட்டிய சந்துக்குள் பென்சிலை ஓட்டினால் போதும், அச்சு மாதிரி எழுத்து வரும்.

அதில் ஒரு சிக்கல். ‘அ’வின் சுழியைச் சுற்றி வெட்டினால் நடுவில் இருக்கிற துண்டு கழன்று கையோடு வந்துவிடும். அதனால் அங்கங்கே கோட்டை வெட்டாமல் ஒரு அரிசி அகலத்துக்கு அட்டையை விட்டு வைத்தேன். எழுதி முடித்து அட்டையை எடுத்ததும் அந்த இடைவெளியை நானே பென்சிலால் சேர்த்துவிடுவேன்.

“இங்க அட்டை தடுக்குதல்ல கண்ணு, பென்சிலத் தூக்கி அந்தப் பக்கம் வெய்யி. இடிக்கக் கூடாது, செரியா?” என்றேன். அவளும் தலையாட்டினாள்.

நாலைந்து நாள் விளையாட்டாகப் போனது. ஒரு சாயங்காலம் அவள் பென்சிலை அழுத்தி ஓட்டியதில் ‘அ’வில் விட்டிருந்த அந்த அரிசி அகல அட்டை பிய்ந்து, நடுவட்டம் கீழே விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்ட பாடு! ஸ்டீல் ஸ்கேலை எடுத்து விரலில் ஒன்று வைத்தேன். மெதுவாகத்தான் அடித்தேன் என்று எழுத வருகிறது. பொய். வலிக்கட்டும் என்றுதான் அடித்தேன்.

“ஏனுங்க, அவ கொழந்தைங்க. இப்படி அளவு பாத்து வெட்டறதுக்கு அவ என்ன துணியாங்க?” என்று மனைவி ஓடிவந்தாள்.

“நீ சும்மா இரு. இப்ப உட்டா கையெழுத்து கோணிப் போயிரும்” என்றேன்.

அன்றே புது ‘அ’ வெட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட இடிக்கவில்லை. பென்சிலைத் தூக்குகிற இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பேச்சும் குறைந்திருந்தது. நான் அதைக் கவனம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சின்ன வயது டீச்சர். “ஊட்டுல எதாச்சும் எழுதறாளுங்களா? இங்க ரெண்டு மாசமா நோட்டத் தொடவே மாட்டேங்கறாளுங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பன்னெண்டு எழுத்தும் அச்சு மாதிரி எழுதுவாளுங்க. வேணும்னா பாருங்க” என்றேன். மகளைக் கூப்பிட்டு, கோடு போடாத ஒரு தாளை முன்னால் வைத்தார் டீச்சர். அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அட்டைங்கப்பா?” என்றாள்.

“அட்டை இல்லாமயே எழுது கண்ணு.”

எழுதினாள். அதே ‘அ’. நான் அட்டையை விட்டு வைத்த ஒவ்வொரு இடத்திலும் மூச்சைப் பிடித்து, பென்சிலைத் தூக்கி, தாண்டி வைத்தாள். அங்கே தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் தாள். வெட்டிப் போட்டு இன்னும் தைக்காத பீஸ்கள் மாதிரி எழுத்து துண்டு துண்டாகக் கிடந்தது.

டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்து, “ஏஞ்சாமி, நடுவுல உட்டுட்டியே? சேத்து எழுது” என்றார்.

அவள் விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “இடிச்சா அப்பா அடிப்பாங்க மிஸ்.”

டீச்சர் ஒளித்து வைத்த அந்த விரலை மெதுவாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தனை அட்டையையும் கிழித்துப் போட்டேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மகள், தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்ததும், “நான் கிழிக்கலீங்கப்பா, நான் இல்லீங்கப்பா” என்று அழ ஆரம்பித்தாள். தூக்கப் போனேன், அவள் அம்மாவிடம் ஓடினாள்.

அதே மாதம்தான் நான் கம்பெனியில் ஒரு கழுத்துப் பேட்டர்னை மாற்றி வைத்து, ஒரு அடுக்குத் துணியைத் தப்பாக வெட்டியிருந்தேன். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, “உடுங்க மாஸ்டர், எல்லாருக்கும் வர்றதுதான். சின்ன சைஸ் வெட்டிக்கலாம்” என்று சொல்லிப் போய்விட்டார். நானும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். எனக்குக் கிடைத்ததில் கால்வாசி அந்தக் குழந்தைக்கு நான் கொடுக்கவில்லை.

ஒரு தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுத வைத்து, அந்த டீச்சர்தான் அவளுக்கு எழுத்தைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வருடம் முழுக்க ஆனது. இப்போது மூன்றாம் வகுப்பு. முத்து முத்தான கையெழுத்து, எங்கேயும் இடைவெளி இல்லை. ஆனால் அவள் எழுதும்போது நான் பக்கத்தில் போனால் பென்சில் தாளை விட்டு மேலே எழும்பிவிடுகிறது. எழுதாமல் காத்திருப்பாள், நான் நகரும் வரைக்கும். அதனால் வேலை விட்டு வந்ததும், அவள் எழுதிக்கொண்டிருந்தால், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். தப்பாக வெட்டிய துணிக்குச் சின்ன சைஸ் என்று ஒரு வழி இருந்தது. மேலே தூக்கிய அந்தப் பென்சிலுக்கு என்னிடம் இன்றுவரை ஒரு வழியும் இல்லை.