பேச்சியம்மாள் நடந்த மச்சு

பேச்சியம்மாள் வாழாவெட்டியாகத் தாய்வீடு திரும்பியதற்குக் காரணம் நான். தச்சுவேலை செய்து பிழைக்கும் நான்தான்!

கேளுங்கள். கேட்டுவிட்டு என்னை எப்படித் திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மார்க்கையன்கோட்டையில் ஒரு சம்சாரி வீடு. தை மாதம் மகனுக்குக் கல்யாணம், அதற்குள் மேலே மச்சுப் போட வேண்டும் என்றார்கள். மலையிலிருந்து இறக்கிய வேங்கை மரம் முற்றத்தில் கிடந்தது. அறுக்கும்போதே வாளில் ஈரம் ஒட்டியது. ஒரு கோடையாவது காய வேண்டிய மரம்! அதைச் சொன்னால், காய்ந்த மரம் கையில் வைத்திருந்த சின்னமனூர் ஆசாரியின் கைக்கு இந்த வேலை போய்விடும்...

"மரம் காஞ்சிருச்சா ஆசாரி?" என்றார் வீட்டுக்காரர்.

"காஞ்ச மரந்தான்யா, நம்புங்க" என்றேன்.

சுவருக்குச் சுவர் சட்டங்கள் போட்டேன். அவை ஆடாமல், சாயாமல் நிற்க நடுநடுவே குறுக்குக்கட்டைகளை அடித்து இறுக்கினேன். மேலே பலகை பாவினேன். அன்றைக்குக் கல் மாதிரி நின்றது! ஆனால் வெயில் ஏறினால் சட்டம் மெலியும், நடுவில் இறுகியிருந்த கட்டை பிடி தளரும் என்று எனக்குத் தெரியாதா? அப்போது வந்து காய்ந்த ஆப்பு வைத்து அடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பத்தில் வேறு வேலை வந்தது. போகவில்லை.

பங்குனி வெயிலில், கால் வைத்தாலே மச்சு முனக ஆரம்பித்தது. மேலே குடியிருந்தது புதுப்பெண் பேச்சியம்மாள். புருஷன் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவான். பகலெல்லாம் அங்கே நடமாடியது அவள் ஒருத்திதான்.

ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மாமியார் வீராயி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ காலு வச்ச நாள்ல இருந்து மச்சு ஓலமிடுதுப்பா. கன்னுக்குட்டியும் செத்துப்போச்சு. ஆகாத காலுங்கிறாக ஊர்ல. மரத்துல குத்தமா, வந்தவ காலுல குத்தமா? நீயே சொல்லு."

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். குறுக்குக்கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி. ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன்... தடையில்லாமல் போனது.

மேலே ஏறினேன். பேச்சியம்மாள் காத்திருந்தாள்.

"ஆசாரியண்ணே, நீங்க ஒருக்கா நடந்து காட்டுங்க. உங்களுக்கும் கத்துச்சுன்னா நான் தப்பிச்சேன்" என்று சிரித்தாள். என்னை அவ்வளவு நம்பினாள்!

நடந்தேன். எப்படி நடந்தேன் தெரியுமா? சட்டத்தின் தலை சுவருக்குள் புதைந்திருக்கும் ஓரம் அசையாது. அந்த ஓரமாகவே பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தேன். ஒரு முனகல் இல்லை!

"கேட்டீகளா? ஆசாரி நடந்தா வாயத் தொறக்கல!" என்று கீழேயிருந்து வீராயி கூவினாள்.

பேச்சியம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை. "மரத்துல ஒரு குத்தமும் இல்லத்தா" என்று படியிறங்கினேன். என் பேர் கெட்டுவிடுமே என்ற பயம்... பேர்! ஒரு பெண்ணின் வாழ்வைவிட அது அவ்வளவு பெரிதா?

சித்திரை முடியுமுன் அவளை ஜெயமங்கலத்துக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஆனியில் மலைச்சாரல் இறங்கியது. ஈரக்காற்றில் மரம் ஊறிப் பருத்தது. மச்சு தானாக அடங்கிவிட்டது! "பாத்தீகளா, அவ போனதும் வீடு அமைதியாயிருச்சு" என்று வீராயி தெருவெல்லாம் சொன்னாள்.

மகனுக்கு மறு கல்யாணமும் ஆயிற்று. அடுத்த கோடை தொடங்கியதுமே ஏதோ சாக்குச் சொல்லிப் போய், எல்லாக் கட்டைக்கும் காய்ந்த ஆப்பு வைத்து அடித்தேன். செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தேன். அதுவே முதல் பெண்ணின் மேல் விழுந்த பழியை உறுதியாக்கிவிட்டது! இரண்டாமவள் நடந்தாள்... மச்சு முனகவில்லை.

சில வருஷம் கழித்து ஜெயமங்கலத்தில் ஒரு கதவு வேலை. களையெடுத்துவிட்டு வரப்பில் வந்த பேச்சியம்மாள் என்னைக் கண்டு நின்றாள். திட்டட்டும் என்று நானும் நின்றேன்.

"ஆசாரியண்ணே, அந்த வீட்டுல இப்பச் சத்தம் வருதா?"

"இல்லத்தா."

குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். சேறு அப்பியிருந்தது.

"அப்ப... எங்காலுதான்" என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் வரப்பின் கோடி தாண்டும்வரை நின்றிருந்தேன். சொல்லவில்லை...