ஷம்ஷாத் அக்காவின் குண்டு பல்பு

ஷம்ஷாத் அக்கா தவறிவிட்டார். நேற்று, ஹார்ட் அட்டாக்... இன்னும் நம்ப முடியவில்லை.

மயிலாப்பூர் சந்தில் முன்பக்கம் அவர் கணவர் ஜாஃபர் பாயின் தையல் கடை, பின்பக்கம் அக்காவின் பெஞ்ச். வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்புகளின் சர்க்யூட் போர்டெல்லாம் அங்கேதான் ரிப்பேர். வீடு வீடாகப் போய் மெஷினைக் கழற்றும் என் போன்ற மெக்கானிக்குகளுக்கு அவர்தான் கதி.

நான் பத்தாவது ஃபெயில். பந்தா மட்டும் இன்ஜினியர் லெவல் என்பாள் என் மகள்.

அபிராமபுரத்தில் ஒரு வாஷிங் மெஷின். பிளக்கைச் சொருகினாலே, பட்டனைத் தொடாமலே சுற்றியது. நான் மோட்டாரை மாற்றினேன். புது மோட்டாரும் சுற்றியது! போர்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"டிரையாக் ஷார்ட்டாயிக்கீது நைனா. கரண்டுக்குக் கதவே அதான். கதவு மூடாம நிக்குது, நீ இன்னாடான்னா மோட்டாரோட சண்ட போட்டுக்கினு கீற!"

இன்னொரு நாள் ஒரு இண்டக்‌ஷன் போர்டு. செத்துப்போன பார்ட்டை நானே மாற்றி, அக்கா டீ வாங்கப் போன நேரத்தில் நேராக கரண்ட் கொடுத்தேன்.

டமார்!

முன்பக்கம் பாய் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் தையல் கோணிக்கொண்டு ஓடியது.

"இன்னா நைனா, தீபாவளிக்கு இன்னும் நாள் கீதே... அதுக்குள்ள இன்னா அவசரம்?" டீயோடு வாசலில் அக்கா.

அன்றிலிருந்து சட்டம் வந்தது. எந்த போர்டுக்கும் முதல் கரண்ட் குண்டு பல்பு வழியாகத்தான். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட். மினுக்கென்று எரிந்து அடங்கினால் போர்டு பிழைத்தது. சுவிட்சைத் தொடும் முன் "போடறேன்!" என்று கத்த வேண்டும். பாய் பெடலில் இருந்து காலை எடுத்துவிடுவார்.

இன்று துக்கம் விசாரிக்கப் போனேன். பாய் என் கையைப் பிடித்துப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். ஒரு இண்டக்‌ஷன் போர்டு, பல்பு வயரில் மாட்டியபடியே...

"இத்த செஞ்சிக்கினு இருந்தப்பதான் நெஞ்சு வலிக்குதுன்னா. முடிச்சிட்டாளா, பாதில வுட்டுட்டாளா? அத்த மட்டும் பாத்து சொல்லுப்பா."

பக்கத்தில் நிற்க முடியாமல் முன்பக்கம் போய், தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டார்.

சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினேன். என் கை பட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சந்துக்கே தெரியும்.

"போடறேன் பாய்!"

மெஷினில் துணி இல்லை. ஆனாலும் பாய் பெடலில் இருந்து காலை எடுத்தார்.

பல்பு மினுக்கென்று ஒரு தரம் எரிந்து, அடங்கியது.

"முடிச்சிட்டாங்க பாய்..."

போய்ட்டு வாங்கக்கா. போர்டு ஓடுது.