அப்பா உடைத்த மண்கூடு

முதலில் வந்தது சத்தம்தான். தூரத்து வளைவில் லொறியொன்று திணறித் திணறி ஏறுவதைப் போன்ற அந்த உறுமல் எங்கிருந்து வருகிறதென்று நான் அண்ணாந்து பார்ப்பதற்குள், இரண்டு நிரை தள்ளிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா கூடையை உதறிவிட்டு ஓடிவந்தாள். என்னைத் தேயிலைச் செடியின் அடியில் தள்ளி, இடுப்பில் கட்டியிருந்த தடித்த "படங்கு"த் துணியை அவிழ்த்து என்மேல் போர்த்தி, அதன்மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். பள்ளிக்கூட விடுமுறை என்றால் பத்து மணித் "தேத்தண்ணி"யைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு அம்மாவிடம் மலைக்குப் போவது என் வேலை. அந்த மலையுச்சி மரத்தில், பானையைக் கவிழ்த்து வைத்தது போலக் குளவிக்கூடு ஒன்று தொங்கியதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். பெண்கள் எத்தனையோ முறை முறையிட்டும், வேலையை மேற்பார்க்கும் "கண்டாக்கு" ஐயா, "பாத்துப் பறிங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அன்று பருந்தொன்று அந்தக் கூட்டைக் கிழித்துவிட்டது.

"அசையாத புள்ள, மூச்சுக் காட்டாத" என்று அம்மா சொன்னாள். ஒவ்வொரு கொட்டுக்கும் அவள் உடம்பு அதிர்வதை இருட்டுக்குள் கிடந்தபடி உணர்ந்தேன். யாராவது வரமாட்டார்களா, மழையாவது பெய்யாதா என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன். ஈரச்சாக்கைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு ஆண்கள் வந்து சேர்ந்தபோது, அம்மாவின் கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன.

ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியனுப்பியும் வரவில்லை. கொழுந்து லொறியில் சாக்குகளை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தோம். குண்டும் குழியுமான பாதையில் லொறி ஆமை போல ஊர்ந்தது. அப்பா முன்தட்டியைத் தட்டித் தட்டி, "அண்ணே, கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

"புள்ளைக்குக் கொட்டிருச்சா?" என்று அம்மா குழறினாள்.

"ஒண்ணுகூட இல்லம்மா" என்றேன், வீங்கிய என் விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். நான்காம் நாள் அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாளே அப்பா மலையேறி அந்தக் கூட்டைக் கொளுத்தினார். அதோடு அவர் நிற்கவில்லை. பறக்கிற, ஊர்கிற எதுவும் அவருக்கு அம்மாவைக் கொன்றதாகவே தெரிந்தது. கூரைச் சந்துகளில் இருந்த குளவிகளையும், மூலைக்கு மூலை இருந்த சிலந்திகளையும், வாசலோரத்து எறும்புகளையும் மருந்தடித்தே ஒழித்தார். லயத்துக்குப் பின்னால் நாங்கள் "கோவா" என்கிற முட்டைக்கோசும் "போஞ்சி" என்கிற பீன்ஸும் போட்டிருந்த துண்டுநிலத்தையும் அவர் விடவில்லை. அடுத்த மாதங்களில் அந்தப் பாத்திகளில் பச்சைப்புழு மண்டியது. கோவா இலைகள் நரம்பும் ஓட்டையுமாக நின்றன. அப்பா மேலும் மருந்தடித்தார், புழுவும் மேலும் வந்தது. அதை வேட்டையாடித் தின்றவற்றையெல்லாம் நாங்களே கொன்று தீர்த்திருந்தோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த நாட்களில்தான் ஜன்னல் கட்டையின் மறைவில் மண்குளவியொன்று கூடு கட்டத் தொடங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அதன்மேல் பயமும் வெறுப்பும் இருந்தன. ஆனாலும் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அது தனி ஒருத்தியாக ஈரமண்ணை உருட்டி வந்து அறை கட்டியது. பிறகு எங்கள் பாத்திப் பக்கம் போய், அதே பச்சைப்புழுக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அறைக்குள் அடைத்தது. கடைசியில் வாயை மண்ணால் பூசிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அப்பா அதைக் கண்டுவிட்டார். விறகுக்கட்டையை ஓங்கிய அவர் கையில் நான் தொங்கினேன்.

"வேணாம்ப்பா, அது கொட்டாது! நம்ம கோவாப் புழுவத்தாம்ப்பா புடிக்குது!"

"ஒங்கம்மாவக் கொன்ன சாதிக்கா நீ பரிஞ்சு பேசுற?" என்று உதறியவர், ஒரே அடியில் கூட்டை உடைத்தார்.

உடைந்த மண்ணுக்குள் புழுக்கள் செத்தும் சாகாமலும் அசைவற்றுக் கிடந்தன. அவற்றின் நடுவில், அரிசிக்குருணை அளவில் வெளுத்த குஞ்சொன்று மெதுவாக நெளிந்தது.

"இது என்னா?"

"அதோட புள்ளப்பா. அதுக்குத்தான் தீனி வச்சிட்டுப் போயிருக்கு."

அப்பா விறகுக்கட்டையைக் கீழே போட்டார். பிறகு வாசலுக்குப் போய்ச் சேற்றைக் குழைத்து எடுத்துவந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த அந்தத் தடித்த விரல்களால் உடைந்த கூட்டை மூடப் பார்த்தார். சேறு நிற்கவில்லை. அப்பினார், விழுந்தது, மறுபடியும் அப்பினார். "ஒட்ட மாட்டேங்குதே புள்ள, ஒட்ட மாட்டேங்குதே" என்று சொல்லிச் சொல்லி, அம்மா செத்த அன்றுகூட அழாத மனிதர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அன்றோடு மருந்தடிப்பதை விட்டார். ஆனால் அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் லயத்தில் இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். ஜன்னலில் மண்கூடு இல்லை, மழைக்கு முன் ஈசல் எழும்புவதில்லை, விளக்கடியில் விட்டில் விழுவதும் அருகிவிட்டது. மலைமேல் பெருங்குளவிகள் மட்டும் இருக்கின்றன. பெண்கள் இன்னமும் அவற்றின் கீழேதான் பறிக்கிறார்கள்.

போன கிழமை, பூச்சிகளால் வரும் நன்மைகளை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசைச் சிறுமியொருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்கம்மாவுக்கு நேத்துக் குளவி கொட்டிருச்சு. ஆஸ்பத்திரியில இன்னும் கண்ணு முழிக்கல. அதுவும் நன்மையா டீச்சர்?"

சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தேன். பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நடந்தேன்.