வெடி மேஸ்திரியின் லைசென்ஸ்

ஒன்பது வயதில் நான் ஒரு வெடி மேஸ்திரியை விரட்டியிருக்கிறேன். சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அந்தக் கோடையில் திருத்தணியில் எங்கள் கொல்லைக் கிணறு வற்றிப்போனது. அடியில் பாறை, வெடி வைத்தால்தான் தண்ணீர். என் அப்பா, நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, வாரம் ஒருநாள்தான் வருவார். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு மேஸ்திரியைப் பிடித்து வந்தார். காக்கிச் சட்டை, முறுக்கு மீசை. பெரியப்பாவுக்கு அதுவே போதும்.

அம்மாவுக்குப் போதவில்லை. முந்தின மாதம்தான் அடுத்த தெருவில் எவனோ லைசென்ஸ் இல்லாமல் வெடி வைத்து, கூலிக்கு வந்தவனின் கை போயிருந்தது. எங்கள் கிணற்றை ஒட்டினாற்போல் ஓட்டு வீடு, அதில் மூன்று சின்னக் குழந்தைகள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "லைசென்ஸ் இருக்குதான்னு கேளுங்க பாவா. யாருக்காவது அடிபட்டா யாரு பொறுப்புன்னும் கேளுங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னாள்.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினார். ஊதா நிறத்தில் வட்டமாகச் சீல். எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்ததால் காகிதம் தெலுங்கில் இருந்தது. பெரியப்பா தெலுங்கு சரளமாகப் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. "அதான் சீல் குத்திகீறானே, இன்னும் இன்னா வேணும்?" என்றார்.

அம்மா காகிதத்தை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "பள்ளிக்கூடத்துல தெலுங்கு சொல்லித் தர்றாங்களே, எங்க, படி பார்க்கலாம்."

எழுத்துக் கூட்டினேன். "எ...ட்ல... பண்...டி."

எட்லபண்டி என்றால் மாட்டுவண்டி. அது வாடகை வண்டி ஓட்ட வாங்கிய லைசென்ஸ்! பெரியப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் என்னவென்று கோபித்துக்கொள்வார்? "பலே, நம்ம வூட்டுப் பொண்ணு!" என்று என் முதுகில் தட்டினார். "பேப்பரு மாறிப்போச்சுங்க" என்று சரியானதை எடுத்துவரப் போன மேஸ்திரி, இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார்.

அடுத்து வந்தவரிடம் வெடி லைசென்ஸ் இருந்தது. அடிபட்டால் பொறுப்பேற்பதாக ஜாமீன்தாரர் போட்ட கையெழுத்தும் இருந்தது. இரண்டையும் நானே படித்தேன். பாறை உடைந்து தண்ணீர் ஊறியது, யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்தத் தண்ணீரே என்னால்தான் வந்தது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் கல்யாணத்துக்கு நகரி உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை அனுப்பும்போது, அம்மா விலாசங்களைத் தெலுங்கில் சரசரவென்று எழுதினாள். அசந்துபோனேன்.

"உனக்குத் தெலுங்கு படிக்க வருமா?"

"ஆங், வரும்."

"அப்ப அன்னிக்கு ஏன் நீயே படிக்கல?"

"நான் படிச்சிருந்தா, பொம்பள சொல்லிக் கேக்கறதான்னு உங்க பெரியப்பா அந்த ஆளையே வச்சிருப்பாரு."

இன்று என்னைவிட அவளை நினைத்துத்தான் எனக்குப் பெருமை. அன்று காகிதத்தைக் கொடுத்தபோது அவள் விரல் சரியாக அந்த வார்த்தைக்குக் கீழே இருந்தது. கசங்காமல் பிடித்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.